சாவிக்காரர் குடிக்காத தண்ணீர்

எங்கள் தெருக் குழாய்கள் தும்மினால், முனைக்குச் சாவிக்காரர் வந்துவிட்டார் என்று பொருள். முதலில் ஒரு தும்மல், பிறகு கொஞ்சம் காற்று, பிறகு துருநிறத்தில் ஒரு துப்பல், அதற்குப் பின்தான் தண்ணீர். ரோட்டில் பதித்திருக்கும் இரும்பு மூடியைத் திறந்து, தன் மார்பளவு உயரமிருந்த சாவியை உள்ளே இறக்கி, அதன் குறுக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தால், பூமிக்கே சாவி கொடுக்கிறார் என்று தோன்றும். அவர் லீவு போட்ட நாட்களில் பூமி கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றியது என்பது என் கணிப்பு.

தண்ணீர் ஆபீஸில் அவருக்கு வால்வு திறக்கும் வேலை. எந்தத் தெருவுக்கு எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முறை வைத்திருந்தார். அந்த முறையை யாருக்காகவும் மாற்றமாட்டார். வீட்டில் விசேஷம், விருந்தாளி வந்திருக்கிறார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று எத்தனையோ பேர் கெஞ்சிப் பார்த்தார்கள். மாமியார் வீட்டுத் தெருவுக்கும் அதே அளவுதான். அதனால் மாமியார் அவரோடு பேசுவதில்லை. அதை அவர் வேலையில் கிடைத்த சலுகையாகவே எடுத்துக்கொண்டார்.

சாவியின் மறுமுனையைக் குழாய்மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து, ரோட்டுக்கடியில் எங்கே கசிகிறது என்று கேட்பார். எல்லா வால்வுக்காரர்களும் செய்வதுதான். ஆனால் இவர் காது வேறு. "அந்தக் கடைசி வீட்டுல யாரோ பல்லு தேய்க்கறாங்க. மேல் வரிசை முடிச்சுட்டு இப்பத்தான் கீழ எறங்கறாங்க" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். போய்ப் பார்த்தது நான் என்பதால் இதை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. குழாய் மண்ணுக்குள் இருக்கவேண்டும். குழாய் வெளியே தெரிந்தால் அது ரிப்பேர். ரிப்பேர் வேலை பாதியில் நின்று, தோண்டிய பள்ளம் மறுநாள்வரை திறந்து கிடந்தால், ஒரு சாக்கைக் கொண்டுவந்து குழாயின்மேல் போர்த்திவிட்டுப் போவார். "எதுக்கண்ணே?" என்று ஒருமுறை அவரோடு குழாய் பதிக்க வந்த பிட்டர் கேட்டார். "அதுக்கும் மானம் இருக்குல்ல" என்றார்.

இப்படி ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டவர், ஓய்வு பெற்ற பிறகு தன் வீட்டுக் குளியலறையில், ஒரு குவளைத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். இடுப்பு உடைந்தது. சேர்த்துவைத்த இடுப்பு மறுபடி உடைந்தது. மூன்றாவது தடவை உடைக்க டாக்டர்களுக்கே மனம் வரவில்லை. கைகள் நன்றாக இருந்தன, வாய் அதைவிட நன்றாக இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருந்தது, பலம் மட்டும் இல்லை. கட்டிலோடு தங்கிவிட்டார்.

பிறகு எல்லாம் மனைவியின் கையில். புரட்டுவது, தூக்குவது, பாத்திரம் வைப்பது, கழுவுவது, துடைப்பது. அந்த அம்மாள் ஒரு பிடி ஆள். தையல் மிஷினில் குனிந்து குனிந்து ஏற்கெனவே முதுகு போனவர். "கல்யாணத்தன்னைக்கு இவர் ஒரு தடவையாவது என்னைத் தூக்கியிருந்தா கணக்கு சரியாப் போயிருக்கும்" என்று சிரித்துக்கொண்டேதான் செய்தார். ஆனால் நிமிரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி கண்ணை மூடுவார். அந்த ஒரு நொடியைச் சாவிக்காரர் பார்த்துவிட்டார்.

அன்றுமுதல் தனக்கும் முறை வைத்தார். கொஞ்சம் குடித்தால் கொஞ்சம்தானே போகும்? தண்ணீரை நாக்கில் காட்டிவிட்டு வைத்துவிடுவார். சாப்பாட்டையும் குறைத்தார். விளைவு, ஆஸ்பத்திரி. சிறுநீரகம் வறண்டுவிட்டது என்றார்கள். குழாய் சொருகி, கட்டிலின் பக்கவாட்டில் ஒரு பையைத் தொங்கவிட்டார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் முதலில் பையைப் பார்த்தார்கள், பிறகுதான் அவரைப் பார்த்தார்கள். வீடு திரும்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "ஐயா, இன்னொரு தடவை இப்படிக் காய விட்டீங்கன்னா கிட்னி திரும்பாது. தண்ணி குடிக்கறது ஒண்ணுதான் உங்களுக்கு வைத்தியம்."

இதற்குப் பிறகுதான் மகன் அந்த மெஷினைக் கொண்டுவந்தான். மகன் ஊரின் மறுகோடியில் குடியிருந்தான். பார்சல் கம்பெனி வேலை முடிந்து சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போவான்.

மெஷின் பார்ப்பதற்குச் சக்கரம் வைத்த பயணப்பெட்டி போல இருந்தது. அதிலிருந்து மணிக்கட்டுப் பருமனில் ஒரு குழாய். குழாயின் முனையில் மெத்தென்ற ரப்பர் விளிம்போடு ஒரு கப். அதை இடுப்போடு வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கோ இரண்டுக்கோ, எது வந்தாலும் ஈரம் பட்டதுமே மெஷின் தெரிந்துகொள்ளும். உறிஞ்சும். வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவும். மறுபடி உறிஞ்சும். கடைசியில் இளஞ்சூட்டுக் காற்றால் உலர்த்தும். முடிந்ததும் மகனின் போனுக்கு ஒரு தகவல் போகும். தூக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், தொடக்கூட வேண்டாம். முடி சூட்டிக்கொண்டவர்களுக்குக்கூட இந்த உபசாரம் கிடைத்திருக்காது. அவர்களுக்குக் கைகழுவிவிட்டதோடு சரி.

பொருத்த வந்த மெஷின்காரப் பெண் நல்ல மாதிரி. கழுவும் தண்ணீரை முதலில் தன் புறங்கையில் விட்டுப் பார்த்தாள், பிறகு அவர் புறங்கையில். "சூடு போதுமாய்யா?" என்று கேட்டாள். "ஊருக்கு நான் விட்டதெல்லாம் பச்சைத் தண்ணி. எனக்கு மட்டும் வெந்நியா?" என்று அவர் சிரித்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று, குழாய் விஷயம் வரும்வரை.

சாதாரணமாக அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள்ளேயே ஒரு தொட்டியில் சேரும். தொட்டியைத் தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும். அது அந்த அம்மாளின் முதுகால் ஆகாது. அதனால் கூடுதலாக ஒரு சின்ன மோட்டாரை வைத்து, நீளமான குழாயை அறையின் வாசற்படியைத் தாண்டி, கூடத்துச் சுவரோரமாகக் கிளிப் அடித்து, கோடியில் இருந்த கழிப்பறைக்குக் கொண்டுபோனாள் அந்தப் பெண். குழாய் கண்ணாடி போலப் பளிச்சென்று இருந்தது.

"உள்ள போறது தெரியுதேம்மா?" என்றார் சாவிக்காரர்.

"தெரியணுங்கய்யா. அடைப்பு எங்கன்னு பார்க்கணும்ல."

அந்த நேரத்தில் கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் ஆபீஸில் அவரோடு வேலை பார்த்தவர்கள். வீட்டுக்கு வீடு மீட்டர் பார்த்தவர் மீட்டர், குழாய் பதித்தவர் பிட்டர், மோட்டார் அறையில் இருந்தவர் பம்ப்பு. பெற்றோர் வைத்த பெயர்கள் அவர்கள் வீட்டு ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தன. தினமும் மத்தியானம் சீட்டாட வருவார்கள். அறை சிறியது என்பதால் மேசையை வாசற்படியில் போட்டு, கட்டிலில் சாய்ந்தபடி அவரும், கூடத்தில் நாற்காலிகளில் இவர்களும். காசு கிடையாது. தோற்றவனை மறுநாள்வரை திட்டலாம் என்பதுதான் பந்தயம்.

சோதனைக்காக அந்தப் பெண் ஒரு குவளைத் தண்ணீரை விட்டாள். மெஷின் முனகியது. தண்ணீர் குழாய் வழியாக மீட்டரின் காதோரம் குடுகுடுவென்று ஓடியது. மீட்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, கவலைய விடுங்க. இனிமே உங்க ரீடிங்க நானே எடுத்துக்கறேன்."

கூடமே சிரித்தது. மெஷின்காரப் பெண் சிரித்தாள். சாவிக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். களைப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அது களைப்பு இல்லை. மெஷினில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. மனைவி நிமிர்ந்து நடப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் தன் குழாய் கூடத்தில், நாலு பேர் நடுவில், வெளிச்சத்தில் கிடந்தது. போர்த்தச் சாக்குகூட இல்லை. இதை வாய்விட்டுச் சொல்வதா? சீட்டு விளையாட வராதே என்பதா? முதுகு ஒடிந்தவளிடம் போய், மறுபடி பாத்திரம் வை என்பதா? அவர் தனக்குத் தெரிந்த வழியில் தீர்த்துக்கொண்டார். கூடத்தில் ஆள் இல்லாத விடியற்காலையில் ஒரு முறை திறப்பு. அத்தோடு மூடல்.

குடிக்காவிட்டால் தெரிந்துவிடுமே? அங்கேதான் அவர் மூளை வேலை செய்தது. மனைவி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அந்த அம்மாள் திரும்பியதும் சாவிக்காரர் போர்வைக்குள் கப்பின் முன்விளிம்பை லேசாக நெகிழ்த்தி, டம்ளரை அப்படியே அதற்குள் கவிழ்த்துவிடுவார். மெஷினுக்கு ஈரம் பட்டால் போதாதா? உறிஞ்சியது, கழுவியது, உலர்த்தியது. டம்ளரும் காலி, போனிலும் தகவல். ஒரே கல்லில் மனைவி, மகன் இருவரும் குளிர்ந்தார்கள். நாள் முழுக்க இப்படிக் கழுவப்பட்டதில், அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிகச் சுத்தமான மனிதர் எங்கள் தெருவில்தான் இருந்தார்.

மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீஸில் போன் சிணுங்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்து முகம் மலர்வான். ஒருநாள் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது சந்தோஷம் பொங்கி, "அப்பா போயிட்டார்!" என்று உரக்கச் சொல்லிவிட்டான். மொத்த ஆபீஸும் எழுந்து நின்றது.

மாதாந்திரப் பரிசோதனைக்குத் தெருமுனை கிளினிக்கின் டாக்டர் வந்தார். மகனின் போனைப் பார்த்தார். சாவிக்காரர் நாக்கைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"போறதைப் பார்த்தா ஆறு மாதிரி இருக்கு. நாக்கைப் பார்த்தா காஞ்ச அட்டை மாதிரி இருக்கு. என்னய்யா, உள்ள ஊத்து ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"வயசான உடம்பு டாக்டர். கசியுது" என்றார் சாவிக்காரர்.

டாக்டருக்குப் புரியவில்லை. புரியாதபோது டாக்டர்கள் செய்வதைச் செய்தார். பழச்சாறு நிறையக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சீட்டாடும் நேரத்தில் சாவிக்காரர் தண்ணீரைத் தொடமாட்டார். "ஆட்டத்துல கவனம் போயிடும்" என்பார். உண்மையில், நண்பர்கள் இருக்கும்போது டம்ளரைக் கவிழ்த்தால் குழாயில் ஓடுமே. தன்னுடையது இல்லை என்றாலும் தன்னுடையது என்றுதானே நினைப்பார்கள். ஆனால் மறுநாள் மனைவி விடவில்லை. மாதுளம்பழத்தை உதிர்த்து, பிழிந்து, வடிகட்டி, பெரிய டம்ளர் நிறைய எடுத்துக்கொண்டு ஆட்டத்தின் நடுவிலேயே வந்து நின்றார்.

"வெச்சுட்டுப் போ. குடிக்கறேன்."

"குடிச்சு முடிக்கற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

"அண்ணி, நீங்க நிக்கறது எங்க எல்லாருக்கும் தொந்தரவு. அண்ணன் சீட்டு உங்க முகத்துல தெரியுது" என்றார் பம்ப்பு.

"தெரிஞ்சா என்ன? அதைப் பார்த்தும் நீங்க ஜெயிக்கப் போறதில்ல."

அப்போது அடுப்பில் பால் பொங்கியது. அம்மாள் ஓடினார். இந்தப் பக்கம், ஜோக்கரை யார் ஒளித்தது என்று மீட்டருக்கும் பிட்டருக்கும் தகராறு. சாவிக்காரர் டம்ளரைப் பார்த்தார். குடித்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே போகும், இவர்கள் முன்னாலேயே போகும். இப்போதே கவிழ்த்தால், தகராறு மும்முரத்தில் யாரும் குழாயைப் பார்க்கமாட்டார்கள். அந்த ஒரு நினைப்பில், பழச்சாறுக்கு நிறம் உண்டு என்பதை முப்பாட்டன் முதல் வால்வு திறந்த பரம்பரை போலிருந்த அந்த மனிதர் மறந்துபோனார். கவிழ்த்தார்.

மெஷின் முனகியது. வாசற்படி தாண்டி, சுவரோரமாக, சிவப்பாக ஒன்று நகர்ந்து வந்தது.

மீட்டருக்கு வாயில் வார்த்தை வரவில்லை, விரல்தான் வந்தது. பிட்டர் விரல் போன திசையைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டெல்லாம் கீழே விழுந்தது. ஜோக்கரும் விழுந்தது. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

"அண்ணி! ஓடி வாங்க! அண்ணனுக்கு ரத்தம்!"

தண்ணீர் நிறம் மாறி வந்தால் முதலில் மோட்டாரை நிறுத்தவேண்டும் என்பது பம்ப்பின் ரத்தத்தில் ஊறிய பாடம். "மெயினை ஆப் பண்ணு!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு, பாய்ந்துபோய் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். ஓடிக்கொண்டிருந்த சிவப்பு, ஓட வழியில்லாமல், கூடத்துச் சுவர் நெடுகப் பார்டர் அடித்த மாதிரி அப்படியே நின்றுவிட்டது. பிட்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். அம்மாள் கரண்டியோடு வந்து, சுவரைப் பார்த்து, கரண்டியைக் கீழே போட்டார். மகனுக்குப் போன் போயிற்று.

கட்டிலில் இருந்தவர் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரத்தம் போகிறவர் சொல்வதை யார் கேட்பார்கள்?

டாக்டர் வந்தார். சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். உள்ளே போய் நாடியைப் பிடித்தார். நாக்கைப் பார்த்தார். முகம் இறுகியது. "ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் சாவிக்காரர் கண்முன் அந்தப் பை தொங்கியது.

"டாக்டர், வண்டி வேணாம். அது மாதுளம்பழம்."

"எது?"

"சுவத்துல நிக்கறது."

முதலில் பேசியது மனைவிதான்.

"நான் பிழிஞ்சதா?"

"ம்."

"முத்து முத்தா உதிர்த்தேனே! விரல்ல கறை இன்னும் போகல! அதையா?"

"ம்."

"அப்ப தண்ணி?"

"அதுவும்."

"காலைல கஞ்சி குடுத்தேனே?"

"அது மட்டும் குடிச்சேன். கெட்டியா இருந்துது. போகாது."

அம்மாள் கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். டாக்டர் தலையை ஆட்டினார். "ஆக, இத்தனை நாளா என் பேஷண்ட் நீங்க இல்ல. இந்தக் குழாய்தான். குழாய் ரொம்ப ஆரோக்கியமா இருக்கு." பிறகு சிரிப்பு இல்லாத குரலில் சொன்னார்: "நாளைக்குச் சாயங்காலம் வருவேன். நாக்கு ஈரமா இருந்தா நான் வீட்டுக்குப் போவேன். இல்லைன்னா நீங்க ஆஸ்பத்திரிக்குப் போவீங்க. இந்தத் தடவை கிட்னி என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது."

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அம்மாள் கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் பேசியதை நான் கேட்டிருக்க வழியில்லை. அந்த அம்மாளே பின்னால் சொன்னதை வைத்துச் சொல்கிறேன், ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

"என்னங்க குறை உங்களுக்கு? மெஷின் வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம்?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். "மீட்டர் ரீடிங் எடுக்கறான்."

"அவர் விளையாட்டுக்குச் சொன்னார்."

"தெரியும். நானும்தான் சிரிச்சேன். அதுக்காக..." என்று நிறுத்தினார். "குழாய் வெளிய தெரியுதும்மா. எங்க வேலையில வெளிய தெரிஞ்சா அது ரிப்பேர். நான் ரிப்பேர்தான். அதை ஏன் கூடத்துல கிளிப் அடிச்சு வெக்கணும்?"

அம்மாள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நான் குழாய்க்கு ஒரு உறை தெச்சுப் போடறேன்."

"குழாய்க்குச் சட்டை போட்டா நாலு பேர் கூடுதலாப் பார்ப்பாங்க."

"அப்ப சீட்டை நிறுத்திடுவோம். அவங்களை வர வேண்டாம்னு நான் சொல்றேன்."

"சீட்டும் இல்லைன்னா அப்புறம் நான் எதுக்குத் தண்ணி குடிக்கணும்?"

அம்மாள் எழுந்தார். கதவைத் திறந்தார். கூடத்தில் மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மகனும் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்திருந்தான்.

"அவருக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றார் அம்மாள். "குழாய் வெளிய தெரியுது. அவ்வளவுதான்."

மகனுக்கு விளங்கவில்லை. "குழாய்னா தெரியத்தானேம்மா செய்யும்?"

மூவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

மீட்டர் எழுந்து அறை வாசலில் போய் நின்றார். "அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது..."

"விடுடா. நல்ல ஜோக்குதான். நானே சிரிச்சேன்ல."

"நீங்க சிரிச்சதாலதாண்ணே அதை நல்ல ஜோக்குன்னு நெனச்சேன்."

இதற்குள் பிட்டர் வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றிப் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து, எங்கேயோ தட்டிக்கொண்டிருந்தார். தட்டல் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கேட்டது. சந்தில், அந்தச் சுவரை ஒட்டியே, கழிவுநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் குழி தோண்டிக் குழாய் இணைத்தவரும் அவரே. தாம் பதித்த குழாய்கள் எங்கே இருக்கின்றன என்பது அவருக்கு மறக்காது. மனைவியின் பிறந்தநாள்தான் மறக்கும்.

மறுநாள் காலையில் உளி, சுத்தியல், சாம்பல்நிறக் குழாய், வளைவுகள் எல்லாம் வந்து இறங்கின. மெஷின்காரப் பெண்ணும் வந்தாள். குழாயை மாற்றக்கூடாது, உள்ளே போவது தெரிந்தே ஆகவேண்டும் என்று கம்பெனி விதியைச் சொன்னாள்.

"எவ்வளவு தெரியணும்?" என்று கேட்டார் சாவிக்காரர்.

"அடைப்பு பார்க்கற அளவுக்கு, ஒரு சாண் தெரிஞ்சாப் போதுங்கய்யா."

"கட்டிலுக்கு அடியில இருக்கட்டும். எந்த லைனுக்கும் திறந்து பார்க்க ஒரு மூடி வேணும்தான். நியாயம்."

கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி, சுவரில் துளை போட்டார்கள். தலைமாட்டுச் சுவரைத் திரும்பிப் பார்க்க முடியாத சாவிக்காரர், மனைவியின் கைக்கண்ணாடியை வாங்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, பிட்டர் வேலை செய்வதை அதில் பார்த்தபடி அதிகாரம் பண்ணினார்.

"சரிவு பத்தாதுடா. இன்னும் கொஞ்சம் எறக்கு."

"அண்ணே, நான் போடாத குழாயா?"

"நீ போட்டு நான் தோண்டினது எதெதுன்னு வரிசையாச் சொல்லட்டுமா? இந்தப் பொண்ணு முன்னால வேணாம்னு பார்க்கறேன்."

வேலை மத்தியானம் தாண்டியும் இழுத்தது. அம்மாள் ஒரு கண் கடிகாரத்திலும் ஒரு கண் தண்ணீர்க் குடத்திலும் வைத்திருந்தார். "ஒரு வாயாவது குடிங்களேன். டாக்டர் வந்துடுவார்."

"லைன் டெஸ்ட் ஆகாம சப்ளை கிடையாது."

"உங்க முறையைக் கொண்டு போய் உடைப்புல போட!"

ஒருவழியாகச் சிமெண்ட் பூசி முடித்தார்கள். சாணளவு பளிச்சென்ற குழாய் கட்டிலின் அடியில் போய், சாம்பல்நிறக் குழாய்க்குள் நுழைந்து, சுவருக்குள் மறைந்தது. மோட்டாரைப் போடும் உரிமை எனக்குத்தான் என்று பம்ப்பு பிளக்கைச் சொருகினார். நேற்றுப் பிடுங்கியவர் அல்லவா. மெஷின்காரப் பெண் குவளைத் தண்ணீர் விட்டாள். முனகல் கேட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என் சாவியை எடு" என்றார் சாவிக்காரர்.

கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த அந்த நெடும் சாவியை மீட்டர் கொண்டுவந்தார். சாவிக்காரர் அதன் முனையைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இறக்கிக் குழாயின்மேல் ஊன்றினார். கைப்பிடியில் காதை வைத்தார். ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது தெருவில் போன ஒரு நாய்கூட ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

"கசிவு இல்ல" என்றார். காதை எடுத்தார். முகம் வாலிபமாகியிருந்தது. "தண்ணி கொண்டா."

அம்மாள் டம்ளரை நீட்டினார். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அவர் அண்ணாந்து குடித்தார். தொண்டையில் அது இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள், அதைப் பற்றி அவர் ஒன்றும் நினைக்கவில்லை. மீசையைத் துடைத்தார்.

"இன்னொண்ணு."

கூடத்துச் சுவரில் கிளிப்புகள் இருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும் வரிசையாக மிஞ்சின. அம்மாள் இரண்டு மாதுளம்பழங்களோடு உட்கார்ந்தார். மேசை வாசற்படிக்கு வந்தது. சீட்டைக் கலைத்துப் போட்டார்கள். சீட்டு மும்முரமாகப் போய்க்கொண்டிருந்தபோது டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். குழாயைக் காணவில்லை.

"என் பேஷண்ட் எங்க?"

"மண்ணுக்குள்ள போயிட்டார் டாக்டர். இனிமே நான்தான் உங்க பேஷண்ட்" என்றார் சாவிக்காரர்.

"நாக்கைக் காட்டுங்க."

அவர் குழந்தையைப் போல முழுசாக நீட்டினார். ஈரமாக, பளபளவென்று, அடிவரை மாதுளைச் சிவப்பாக இருந்தது.

"இது குழாய் குடிச்சது இல்ல டாக்டர்" என்றார் அம்மாள். "நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

டாக்டர் பையை மூடினார். மீட்டர் தன் நாற்காலியைத் தள்ளிப்போட்டு அவருக்கு இடம் கொடுத்தார். ஒரு ஆட்டம் மட்டும் என்று உட்கார்ந்தவருக்குச் சீட்டு போட்டார்கள். அவர் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, எங்கோ தரைக்குக் கீழே கேட்பது போல, மெல்ல ஒரு முனகல் எழுந்தது. சாவிக்காரர் தன் கையிலிருந்த சீட்டுகளை நிதானமாக ஒழுங்குபடுத்தினார். மீட்டர் கூரையைப் பார்த்தார். பிட்டர் தன் நகத்தைப் பார்த்தார்.

"என்ன சத்தம்?" என்றார் டாக்டர்.

"மெயின் லைன் டாக்டர்" என்றார் பம்ப்பு. "நீங்க சீட்டைப் போடுங்க."